பன்னிரண்டு வோல்ட் குடில்

என் ஆறாம் வகுப்பு நாட்குறிப்பில் டிசம்பர் 22, சனிக்கிழமைக்கான பக்கத்தில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. 'கரண்ட் போன நேரம் மாலை 6.00. வந்த நேரம் 6.56. அம்மாவுக்கு ஷாக் அடித்தது. காரணம் தெரியவில்லை.' முதல் மூன்றும் சரியானவை. நான்காவது நான் அறிந்தே எழுதிய பொய். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் தேதி, நேரம், மழை, வந்த உறவினர், போன ரயில் எதிலும் பிழை இருக்காது. அதனாலேயே அந்த ஒரு வரி இன்றுவரை என் கண்ணை உறுத்துகிறது.

அது எந்த டிசம்பர் என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தானே புயல் அடித்ததற்கு அடுத்த டிசம்பர். புயல் முந்தைய ஆண்டின் கடைசியில் வந்தது என்பதால், இது அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து. அந்தக் குளிர்காலத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. போகும்போது தெருவே முனகும். வரும்போது பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து 'ஹே' என்று கத்துவோம். எனக்குப் பதினொரு வயது. நகைக்கடைக்காரர் கொடுத்த நாட்குறிப்பில் கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு நாள் விடாமல் குறித்து வந்தேன். யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் வேலை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்கு மின்சாரம் என்றால் பயம். புயலுக்கு மறுநாள் எங்கள் தெருமுனையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்த பசுமாடு ஒன்று அவர் கண்ணெதிரே விழுந்து செத்தது. அன்றிலிருந்து சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். மிக்ஸி போட வேண்டுமென்றால் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பலகைமேல் ஏறி நின்று, ஒரே விரலால் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கையை உதறிக்கொள்வார். இதைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் எங்கள் வீட்டில் சித்தி ஒருத்திக்குத்தான் இருந்தது.

"ஏன் மாமா, ஜெபம் பண்ணப் போறீங்களா, சட்னி அரைக்கப் போறீங்களா?"

சித்தி என் அம்மாவின் தங்கை. குறிஞ்சிப்பாடியில் அவளுடைய அம்மா அப்பா அடுத்தடுத்துத் தவறிப்போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அப்போது இருபது வயது. சிதம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ கடைசி ஆண்டு. தினமும் துறைமுக சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவாள். மின்சாரத்துக்குப் பயப்படும் ஆள், மச்சினிச்சியை எலெக்ட்ரிக்கல் படிக்க எப்படி அனுமதித்தார் என்று நான் பின்னாளில் யோசித்திருக்கிறேன். அவள் சேர்ந்தது புயலுக்கு முன்னால். அதுதான் விடை.

அந்த நவம்பரில் அவள் சிதம்பரத்தில் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருந்தாள். ஆலைகளுக்கு வேண்டிய சுவிட்ச் பெட்டிகளைக் கூட்டிப் பூட்டும் பட்டறை. அதன் முதலாளிக்கு அவள் வேலை பிடித்துப்போயிற்று. படிப்பு முடியும்வரை மாலையில் சில மணி நேரம், முடிந்த பிறகு முழு நேரம் என்று ஜனவரியிலிருந்தே வரச் சொன்னார். திரும்பி வர எட்டு மணி ரயில் ஆகும். சித்தி அப்பாவிடம் கேட்டாள். 

"இந்த வருஷம் குடிலுக்கு நீயே லைட்டு போடு. நாலு நாளு எரியட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னா பேசலாம்" என்றார் அப்பா.

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தி அதைத் தேர்வு என்றே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வாசலில் நட்சத்திரம் ஏறும், கூடத்து மூலையில் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவமாகக் குடில் எழும்பும். எங்கள் குடில் ஒரு பழைய மரப்பெஞ்சின்மேல் நிற்கும். பெஞ்சில் பலகை அடைத்து, பாலித்தீன் விரித்து, தேவனாம்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த கடல்மணலைப் பரப்புவோம். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் பாறை. வைக்கோலில் கூரை. பின்னால் இரண்டு சவுக்குக் கிளை. புல்வெளிதான் அம்மாவின் பங்கு. கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகைத் தூவி முளைக்கவைத்து, அவற்றை மணலில் விளிம்புவரை புதைத்துவிடுவாள். தினமும் மாலை தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமசுக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். அந்தப் புல்லில் ஆடுகளை மேயவிடுவோம்.

சித்தி முதலில் பார்த்தது அந்த மணலைத்தான். ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்தாள்.

"இது கடல்மணலு. உப்பு இருக்கிற வரைக்கும் இது காயவே காயாது. அதுல அக்கா தெனம் தண்ணி வேற ஊத்துறா. இதுக்குள்ள வீட்டுக் கரண்ட விட்டா, குடில் இல்ல, கரண்டு அடுப்பு."

ஆகவே அவள், வீட்டு மின்சாரத்தில் நேராக எரியும் கடைச் சரவிளக்கான சீரியல் செட்டைத் தொடவே இல்லை. சுவரில், காலண்டர் ஆணிக்கு மேலே இருந்த அலமாரியில் ஒரு அடாப்டரை வைத்தாள். வீட்டு மின்சாரம் அதோடு நின்றுவிடும். அதிலிருந்து குடிலுக்கு இறங்கியது பன்னிரண்டு வோல்ட் மட்டும். வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை மும்மூன்றாகக் கோத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய குழாயை ஏற்றி நெருப்புக்குச்சியால் சூடுகாட்டிச் சுருங்கவைத்தாள். மின்சுற்றின் படத்தை என் கணக்குத் தேர்வுத் தாளின் பின்பக்கத்தில்தான் வரைந்தாள். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. இருபத்தேழு விளக்குகள், ஒன்பது வரிசை. முன்பக்கம் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல விரும்பவில்லை.

டிசம்பர் 16, ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஏற்றினோம். சித்தி கையைத் தண்ணீரில் முக்கி, ஒயரின் இரண்டு முனைகளையும் ஈரக்கையால் பிடித்துக் காட்டினாள்.

"பாருங்க மாமா. ஸ்கூட்டர் பேட்டரிய தொடுற மாதிரி. அவ்ளோதான். நீங்களும் தொடுங்க."

அப்பா தொடவில்லை. அம்மா தொட்டாள், "ஒண்ணுமே இல்லங்க" என்றாள். அப்பா பலகைமேல் நின்றபடி தலையை ஆட்டினார். ஆனால் 19-ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'இரவு 7.20. அப்பா தொட்டார்.' யாரும் கூடத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோல அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தார். கதவிடுக்கில் நான் நின்றிருந்தேன்.

22-ஆம் தேதி காலை சித்தி ரயிலுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அப்பா செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"அந்த பட்டறைக்காரர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வா. எட்டு மணி வண்டியில வந்தீன்னா நான் ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன்."

சித்தி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடினாள். அப்படி அவள் ஓடியதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இனி என் பங்கு.

எதிர்வீட்டுப் பெண் என் வகுப்பு. அவர்கள் குடிலில் சீரியல் செட் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஓடும், நிற்கும், துடிக்கும். எங்கள் குடிலில் வெள்ளை வெளிச்சம் நிலவுபோல அசையாமல் கிடக்கும். எங்கள் கோயில் பங்கின் இளைஞர்கள் 24-ஆம் தேதி மாலை வீடுவீடாக வந்து குடில்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் குடிலைப் பார்த்தாள்.

"என்னாடி இது, உங்க குடில்ல சூசையப்பர் கொழந்தைய தேடிக்கிட்டு இருக்காரு. வெளிச்சமே இல்ல."

குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகுதான் வைப்போம் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அது எனக்குச் சுருக்கென்றது. சித்தி சொன்ன உப்பு, ஈரம், வோல்ட் எல்லாம் என் நாக்குநுனியில் இருந்தன. அவற்றைச் சொல்லியிருந்தால் அவள் வாயை அடைத்திருக்கலாம். நான் கேட்டது வேறு.

"உங்ககிட்ட பழைய செட்டு ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒரு பகுதி எரியாத செட். "வச்சிக்க, எங்களுக்கு வேணாம்" என்று பெருந்தன்மையாகக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை அம்மா பின்கட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாவைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. எரியாத பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துவிட்டு, மிஞ்சிய முனைகளின் தோலைப் பல்லால் உரித்து முறுக்கினேன். சித்தி முறுக்குவதைப் பார்த்திருந்தேன் அல்லவா. ஈயமும் குழாயும் அவள் பெட்டியில் இருந்தன. அதைத் திறந்தால் தெரிந்துவிடும். புத்தகத்துக்கு அட்டை போடும் செல்லோ டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு அந்தச் சரத்தைக் கொட்டாங்குச்சிகளுக்கு நடுவே மணலுக்குள் வளைத்து வளைத்துப் புதைத்தேன். விளக்குகளின் தலை மட்டும் வெளியே தெரியும்படி. ஒயரைப் பெஞ்சின் பின்னால் இறக்கி, துணித் திரைக்குப் பின்னால் இருந்த நீட்டிப்புப் பெட்டியில் செருகினேன். 24-ஆம் தேதி இளைஞர்கள் வரும்போது எல்லோரும் அசந்துபோக வேண்டும் என்பது திட்டம். அன்று ஒத்திகை.

எரிந்தது. புல்லுக்கு அடியிலிருந்து சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை. கேழ்வரகு முளைகள் ஒவ்வொன்றும் கண்ணாடிக் குச்சிபோல நின்றன. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்கிறேன்: அவ்வளவு அழகான குடிலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சரியாக ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. அதே நேரம் வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். விளக்கு தானாக அணைந்துவிட்டதால் என் வேலையும் முடிந்துவிட்டதுபோல ஒரு எண்ணம். பிளக்கைப் பிடுங்கவில்லை. நாட்குறிப்பை எடுத்து '6.00' என்று எழுதினேன்.

கரண்ட் இருக்கும்போது குடிலுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பன்னிரண்டு வோல்ட் என்று சித்தி எவ்வளவு சொல்லியும் அதை மட்டும் அவர் தளர்த்தவில்லை. அதனால் அம்மா மின்வெட்டு நேரத்தில்தான் ஊற்றுவாள். அன்றும் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தண்ணி ஊத்துறதுன்னா இப்பவே ஊத்திடு. ஏழு வரைக்கும் வராது."

அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். என் கையில் டார்ச்சைக் கொடுத்தாள். ஒவ்வொரு கொட்டாங்குச்சியாகத் தெளித்துக்கொண்டே வந்தாள். ஒன்று சாய்ந்திருந்தது. நான் ஒயரைப் புதைத்தபோது சாய்த்தது. அதை நிமிர்த்தி மணலில் அழுத்தக் கையை நீட்டினாள்.

அந்த நேரத்தில் ஆபத்து எனக்குத் தோன்றவில்லை. கரண்ட் இல்லையே. எனக்குத் தோன்றியது வேறொன்று: வெளிச்சம் அங்கே விழுந்தால் ஒயர் தெரிந்துவிடும். டார்ச்சை மெல்ல வேறு பக்கம் நகர்த்தினேன்.

"பாப்பா, இந்தப் பக்கம் காட்டு. ஒண்ணும் தெரியல."

நான் காட்டவில்லை. அம்மா இருட்டில் விரலால் தடவி, ஈரமணலில் அந்தக் கொட்டாங்குச்சியின் விளிம்பைத் தேடினாள்.

கரண்ட் நான்கு நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் எல்லோரும் 'ஹே' என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அம்மா போட்ட சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தாள். ஃபியூஸ் போய் வீடு மறுபடியும் இருட்டாயிற்று. அப்பா ஓடிவந்தார். செருப்பு இல்லை, பலகை இல்லை. வெறுங்காலோடு குடிலைத் தாண்டிப்போய் அலமாரியிலிருந்த அடாப்டரை ஒயரோடு பிடுங்கி எறிந்தார். அவர் அறிந்த ஒரே பிளக் அதுதான்.

எதிர்வீட்டு அம்மா வந்தாள். ஆட்டோ வந்தது. அம்மாவுக்கு நினைவு இருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. மணிக்கட்டு முறிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை எதிர்வீட்டில் இருக்கச் சொன்னார்கள். "கதவ பூட்டிக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குள் போனேன். நீட்டிப்புப் பெட்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். சரத்தை மணலிலிருந்து உருவினேன். மணலைக் கையால் சமப்படுத்தினேன். நாட்குறிப்புகள் வைக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் அதைச் சுருட்டி வைத்தேன். பிறகு, டப்பா திறந்துதானே இருந்தது என்று, நாட்குறிப்பை எடுத்து மிச்ச மூன்று வாக்கியங்களையும் எழுதினேன். எழுத்து மற்ற பக்கங்களைப் போலவே நேராக இருக்கிறது.

சித்தி எட்டு மணி வண்டியில் வந்தாள். ஸ்டேஷனில் நிற்பதாகச் சொன்ன மாமாவைக் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் தனியாக நடந்து வந்திருக்கிறாள். எதிர்வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள்; என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். கையில் சிவப்புப் பிடிபோட்ட ஒரு டெஸ்டர். வேலைக்கு வருகிறேன் என்று சொன்னதும் பட்டறைக்காரர் அவளுக்குக் கொடுத்தது. அதை அவள் யாரிடமும் காட்டுவதற்குள், அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்.

"உன் கரண்டு வேலைய பார்த்தியா?" என்றார். கத்தவில்லை. அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, பன்னெண்டு வோல்ட்டு ஆள தூக்கிப் போடாது."

"போட்டுடுச்சே."

சித்தி எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு குடிலின் முன்னால் உட்கார்ந்தாள். தன் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் நகத்தால் நெருடிப் பார்த்தாள். இருபத்தேழு விளக்குகள். ஒன்றிலும் குறையில்லை. அப்பா சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஏழு வரைக்கும் வராதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்படியே போய்விட்டார். அப்பாவின் கோபத்தில் பாதி அந்த நான்கு நிமிடத்தின்மேல் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

மறுநாள் ஞாயிறு. சித்தி பூசைக்குப் போகவில்லை. அப்பா எறிந்ததில் விரிசல்விட்டிருந்த அடாப்டரைத் திறந்து, அதன் உள்ளுறுப்புகளைச் செய்தித்தாளில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் உள்ளே ஏதோ ஒன்று பழுதாகி, வீட்டு மின்சாரம் முழுவதும் அப்படியே கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்தாள். எறிந்ததில் உடைந்தது எது, முன்பே உடைந்திருந்தது எது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "மலிவு அடாப்டரு. நான்தான் பிரிச்சுப் பாத்து போட்டிருக்கணும்" என்று அப்பாவிடம் அவளாகவே போய்ச் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவள திட்டாதீங்க. என் கை படுற எடம்னுதான அவ அவ்ளோ பாத்துப் பாத்து பண்ணா" என்றாள். அது சித்தியை இன்னும் கூனவைத்தது.

24-ஆம் தேதி மாலை இளைஞர்கள் வந்தார்கள். குடிலில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. "சிம்பிளா அழகா இருக்கு" என்று சொல்லி ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் சித்தி பட்டறைக்குப் போகவில்லை. அப்பா போகாதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. நாட்குறிப்பிலும் இல்லை. டெஸ்டரை ஒரு தோழியிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். கடைசி ஆண்டுத் தேர்வை எழுதித் தேறினாள். அடுத்த ஆண்டே பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல வீடு. சித்தப்பா நல்ல மனிதர். அம்மாவின் இரண்டு விரல்களும் பிறகு முழுதாக மடங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய்க் கோத்துக் கொடுத்தேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

சென்ற ஆண்டு, குடில் வேலை தொடங்கும் முன், அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போனேன். முதலில் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "இத அவகிட்ட போயி சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி சமையலறையில் இருந்தாள். சட்னிக்குத் தேங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலிலிருந்து கடைசிவரை, டார்ச்சை நகர்த்தியது உட்படச் சொன்னேன். சரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒயரை விரல்களுக்கு இடையே ஓடவிட்டாள். அது பழைய வேகம் குறையாமல் ஓடியது. மஞ்சளாகிப்போன செல்லோ டேப் வந்த இடத்தில் விரல்கள் நின்றன.

"இங்கதான்" என்றாள்.

"ஆமா சித்தி."

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அப்ப அந்த அடாப்டர் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு சித்தி."

"நான் பத்தவச்சது?"

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

தலையை ஆட்டினாள். சரத்தைச் சுருட்டி, குழந்தைக்குத் தலை பின்னுவதுபோல நேர்த்தியாகச் சுருட்டி, என் டப்பாவிலேயே வைத்தாள். தேங்காயை மிக்ஸியில் போட்டாள். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு மணைப்பலகை கிடந்தது. அவள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று, ஒரே விரலால் சுவிட்சைத் தட்டினாள். கையை உதறிக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கே தெரியாமல் நடக்கிற காரியமாக அது ஆகியிருந்தது.

நாட்குறிப்பில் இல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அடாப்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தி, நான் கூடத்தைக் கடந்தபோது என்னைக் கூப்பிட்டாள். முந்தைய நாளிலிருந்து நான் அதற்குத்தான் காத்திருந்தேன். இவ்வளவு தெரிந்தவள் கணக்குப் போட்டே என்னிடம் வந்துவிடுவாள் என்று நம்பியிருந்தேன். அழுவதற்குக்கூடத் தயாராக இருந்தேன்.

"பாப்பா, நீதான டார்ச்சு புடிச்ச? வித்தியாசமா ஏதாச்சும் பாத்தியா?"

"இல்ல சித்தி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"சரி. அப்ப என்னோடதுதான்" என்றாள்.

ஒரு குழந்தை சொன்ன சொல்லை நம்பி, தான் மூன்று ஆண்டு படித்ததை அவள் அந்த இடத்தில் கீழே வைத்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக் குடிலில் சிவப்பும் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடுவதை, பத்து மணிக்குக் கரண்ட் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.